ஒரே வாசல்: கலிபோர்னியாவின் மண்டல மையங்களும் சேவை ஒருங்கிணைப்பின் வரலாறும்

மண்டல மையங்கள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் (மதியிறுக்கம்), மூளை முடக்குவாதம், வலிப்பு நோய் ஆகியவை உடையவர்களுக்கான ஆதரவுச் சேவைகளை ஒருங்கிணைக்கும் அமைப்புகள். 1966இல் சோதனை முயற்சியாக இரண்டு மையங்கள் தொடங்கப்பட்டன. 1969இல் நிறைவேறிய லாண்டர்மன் சட்டம் அவற்றை மாநிலம் முழுவதற்குமான ஏற்பாடாக மாற்றியது. இன்று 21 மண்டல மையங்கள் செயல்படுகின்றன. அவற்றில் பதிவு பெற்றவர்களின் எண்ணிக்கை 2020களில் நான்கு லட்சத்தைத் தாண்டியது.

அறிவுசார் குறைபாடு உடைய ஒருவருக்கு மருத்துவம், கல்வி, வேலைப் பயிற்சி, தங்குமிடம், போக்குவரத்து என ஒரே நேரத்தில் பல உதவிகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையிடம் இருக்கும். இவற்றைத் தேடித் திரட்டி ஒருவரின் வாழ்க்கைக்குப் பொருந்துமாறு இணைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு, சட்டத்தின் வழியாக விடை தேடிய முதல் மாநிலங்களில் ஒன்று கலிபோர்னியா. அந்த விடை எவ்வாறு உருவானது, எங்கே தடுமாறியது என்பதே இந்த மையங்களின் வரலாறு.

பின்புலம்: பெரிய விடுதிகளின் காலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்குக் கலிபோர்னியா அரசு அளித்த உதவி ஒன்றே ஒன்றுதான்: விடுதியில் ஓர் இடம். 1880களில் தாய்மார் சிலரின் முயற்சியால் தொடங்கிய சிறிய இல்லம் அரசின் பொறுப்புக்கு வந்தது. 1891இல் அது சோனோமா பள்ளத்தாக்கில் உள்ள கிளென் எலனுக்கு இடம் மாறி, பின்னர் ஆயிரக்கணக்கானோர் வாழும் சோனோமா மாநில மருத்துவமனையாக வளர்ந்தது. குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது தொடக்ககால நோக்கமாக இருந்தது. காலப்போக்கில் பயிற்சி பின்னுக்குச் சென்று, அடைத்துவைப்பது முன்னுக்கு வந்தது.

1909இல் கலிபோர்னியா கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது. மனித இனத்தின் தரத்தை உயர்த்துவதாகக் கூறிக்கொண்ட இனமேம்பாட்டுக் கொள்கையே அதற்கு அடிப்படை. 1979இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை மாநில மருத்துவமனைகளில் ஏறத்தாழ 20,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அமெரிக்க மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. இத்தகைய அறுவைகள் மிகுதியாக நடந்த இடங்களுள் சோனோமாவும் ஒன்று. விடுதியை விட்டு வெளியேற அறுவைக்கு உட்பட வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கு வழக்கில் இருந்தது. 2003இல் மாநில ஆளுநர் இதற்காக மன்னிப்புக் கோரினார். உயிருடன் உள்ளவர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 2021இல் நிறைவேறியது.

1960களின் நடுவில் சோனோமா, பொமோனாவில் இருந்த பசிபிக் மருத்துவமனை, போர்ட்டர்வில், கோஸ்டா மேசாவில் இருந்த ஃபேர்வியூ ஆகியவை அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கான முக்கிய மாநில மருத்துவமனைகளாக இருந்தன. இவற்றில் 13,000 பேர் அளவில் வாழ்ந்தனர். மேலும் ஏறத்தாழ 3,000 பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தனர். இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை குழந்தையை வீட்டில் வைத்துப் பராமரித்த குடும்பத்துக்கு மாநில அரசிடமிருந்து பெரிதாக எந்த உதவியும் இல்லை. மகனையோ மகளையோ விட்டுக்கொடுத்தால் பராமரிப்பு அரசுடையது. தம்மிடமே வைத்துக்கொண்டால் முழுச் சுமையும் பெற்றோருடையது என்பதே அன்றைய நிலை.

பெற்றோர் சங்கங்களின் எழுச்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் பல நகரங்களில் பெற்றோர் ஒன்றுகூடத் தொடங்கினர். 1950இல் அவர்களின் தேசியச் சங்கம் உருவானது. சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட கலிபோர்னிய நகரங்களிலும் கிளைகள் எழுந்தன. பள்ளிகள் சேர்க்க மறுத்த குழந்தைகளுக்காக, தேவாலயக் கூடங்களிலும் வாடகை அறைகளிலும் பெற்றோரே வகுப்புகள் நடத்தினர். குறைபாடு உடைய குழந்தையைப் பற்றி வெளியே பேசுவதே இழுக்கு என்று கருதப்பட்ட காலத்தில் இது துணிச்சலான செயல். "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?" என்ற கேள்வியே அவர்கள் அனைவரையும் இணைத்தது.

மருத்துவர்கள் சிலர் அவர்களுடன் நின்றனர். லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையின் ரிச்சர்ட் கோக் அவர்களில் முக்கியமானவர். பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுகளில் நிபுணரான அவர், காத்திருப்புப் பட்டியலில் இருந்த குழந்தைகளை ஆராயும் குழுவை நடத்தினார். சரியான நோயறிதலும் ஆலோசனையும் அருகிலேயே கிடைக்கும் உதவியும் இருந்தால், பல குடும்பங்கள் குழந்தையை விடுதிக்கு அனுப்ப விரும்புவதில்லை என்பதை அப்பணி காட்டியது. பின்னாளில் மண்டல மையம் என்ற கருத்துக்கு இந்த அனுபவம் அடித்தளமானது.

தேசிய அளவிலும் சூழல் மாறியது. குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் சகோதரி ரோஸ்மேரி அறிவுசார் குறைபாடு உடையவர். 1961இல் கென்னடி அமைத்த நிபுணர் குழு, பெரிய விடுதிகளுக்கு மாற்றாகச் சமூகத்துக்குள்ளேயே சேவைகளை உருவாக்கப் பரிந்துரைத்தது.

1963–1966: ஒரே வாசல்

1963இல் ஆளுநர் எட்மண்ட் பிரவுன் காலத்தில் கலிபோர்னியா ஓர் ஆய்வுக் குழுவை நியமித்தது. குழுவின் அறிக்கை 1965இல் வெளியானது. அதே காலத்தில் சட்டமன்ற உறுப்பினர் ஜெரோம் வால்டி தலைமையிலான துணைக்குழுவும் இப்பிரச்சினையை ஆராய்ந்தது. அதன் ஆலோசகராக ஆர்தர் போல்டன் பணியாற்றினார். இன்னொரு பெரிய மருத்துவமனையைக் கட்டுவதா, வேறு வழி தேடுவதா என்பதே அவர்கள் முன் இருந்த முடிவு.

விடுதியைக் குறித்து ஒரு உண்மையை அவர்கள் மறுக்கவில்லை. எத்தனை குறைகள் இருந்தாலும், விடுதியின் வாசலில் ஒருவரை ஒப்படைத்தபின் உணவு, மருத்துவம், பாதுகாப்பு அனைத்துக்கும் ஒரே இடம் பொறுப்பேற்றது. வெளியே அப்படி எதுவும் இல்லை. பெற்றோர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தனர். ஒவ்வோர் இடத்திலும் "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதிலே கிடைத்தது. ஆகவே விடுதிக்கு மாற்று தேடுவதென்றால், சிதறிக் கிடக்கும் சேவைகளுக்கு முன்னால் ஒரு நிலையான வாசல் தேவை. அந்த வாசலுக்கு வந்தவரை வாழ்நாள் முழுவதும் கைவிடாத பொறுப்பும் தேவை. இதுவே மண்டல மையத்தின் அடிப்படைக் கருத்து.

வால்டி கொண்டுவந்த மசோதா 1965இல் சட்டமானது. 1966இல் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஒன்றும் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒன்றுமாக இரண்டு மையங்கள் தொடங்கின. முதலாவதற்கு ரிச்சர்ட் கோக் பொறுப்பேற்றார். மையங்கள் தாமே பள்ளியோ விடுதியோ நடத்தவில்லை. வந்தவரை மதிப்பிட்டு, தேவையைக் கண்டறிந்து, பிறர் நடத்தும் சேவைகளை அரசுப் பணத்தில் வாங்கித் தந்தன.

அவை அரசுத் துறையாக அமைக்கப்படாததும் கவனத்துக்குரியது. அரசுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் இலாப நோக்கற்ற தனி அமைப்புகளாகவே அவை உருவாயின. பகுதிக்கேற்ப இயங்கும் சுதந்திரமும், பெற்றோரின் குரலுக்கு நிர்வாகத்தில் இடமும் வேண்டும் என்பது நோக்கம். இன்றைய சட்டப்படி ஒவ்வொரு மையத்தின் ஆட்சிக் குழுவிலும் குறைந்தது பாதிப்பேர் குறைபாடு உடையவர்களாகவோ அவர்களின் பெற்றோர், சட்டப்பூர்வப் பாதுகாவலர்களாகவோ இருக்க வேண்டும். குழுவில் கால் பங்கினராவது குறைபாடு உடையவர்களாகவே இருக்க வேண்டும்.

லாண்டர்மன் சட்டம்

இரண்டு மையங்களை மாநிலத் திட்டமாக்கியவர் ஃபிராங்க் லாண்டர்மன் (1901–1981). லாஸ் ஏஞ்சலஸ் அருகே லா கன்யாடா ஊரைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர். அரசியலுக்கு வருமுன் மௌனப்படக் காலத் திரையரங்குகளில் ஆர்கன் வாசித்தவர். 1951 முதல் 1978 வரை சட்டமன்றத்தில் இருந்தார். அரசுச் செலவில் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். அவரும் ஜனநாயகக் கட்சியின் வால்டியும் ஒரே பக்கம் நின்றதால் இது கட்சிப் பூசலாக மாறவில்லை. 1969இல் லாண்டர்மனின் மசோதாவில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். 1970களின் நடுப்பகுதிக்குள் மண்டல மையங்கள் மாநிலம் முழுவதற்கும் பரவின.

முதல் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மையமாகக் கொண்டது. 1973இல் மூளை முடக்குவாதம், வலிப்பு நோய், ஆட்டிசம் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. அறிவுசார் குறைபாட்டை ஒத்த தேவைகள் உடைய பிற நிலைகளுக்கு ஐந்தாவது பிரிவு ஒன்றும் உண்டு. குறைபாடு 18 வயதுக்கு முன் தொடங்கியதாகவும், தொடர்ந்து நீடிக்கக்கூடியதாகவும், அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிப்பதாகவும் இருக்க வேண்டும். தகுதியை முடிவு செய்வதில் குடும்ப வருமானம் பார்க்கப்படுவதில்லை.

ஆட்டிசம் சட்டத்துக்குள் வருதல்

1960கள் வரை ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர் குழந்தைப்பருவ மனச்சிதைவு நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டு மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தாயின் பாசமின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்தைப் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பரப்பினர். உதவி கேட்டு வந்த தாயே குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். சான் டியேகோவைச் சேர்ந்த உளவியலாளரும் ஆட்டிசம் உடைய மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்து, ஆட்டிசம் உயிரியல் அடிப்படை கொண்டது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு ஆட்டிசம் குழந்தைகளுக்கான தேசியச் சங்கத்தைப் பிற பெற்றோருடன் சேர்ந்து தொடங்கினார்.

1973இன் சேர்க்கை இந்தப் பின்னணியில் முக்கியமானது. ஆட்டிசம் மனநல மருத்துவமனையின் பொறுப்பிலிருந்து வாழ்நாள் ஆதரவு தேவைப்படும் வளர்ச்சிக் குறைபாடுகளின் வரிசைக்கு வந்தது. ஆட்டிசம் இருந்து அறிவுத்திறன் குறையாதவரும் இதன்மூலம் மண்டல மையத்தின் சேவையைப் பெற வழி பிறந்தது.

ஒருங்கிணைப்பாளர் செய்வது என்ன?

மண்டல மையத்தில் பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு சேவை ஒருங்கிணைப்பாளர் இருப்பார். ஒருவருக்கு என்னென்ன சேவை, எவ்வளவு, யார் மூலம் என்பதை எழுத்தில் பதியும் தனிநபர் திட்டம் இந்த ஏற்பாட்டின் இதயம் எனலாம். அதை ஒருங்கிணைப்பாளர் தனியாக எழுத முடியாது. சம்பந்தப்பட்டவர், தேவையான இடங்களில் பெற்றோர் அல்லது பாதுகாவலர், மையத்தின் பிரதிநிதி ஆகியோர் கூடிப் பேசியே முடிவு செய்ய வேண்டும். 1992இல் நிறைவேறிய திருத்தம் அந்த நபரின் விருப்பத்துக்கும் தேர்வுக்கும் முதலிடம் தந்தது.

மண்டல மையம் கடைசியாகப் பணம் தரும் இடம் என்பது சட்டத்தின் விதி. பள்ளிக் கல்வி நிர்வாகம், மருத்துவக் காப்பீடு, ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம், வீட்டுப் பராமரிப்பு உதவி, தொழில் மறுவாழ்வுத் துறை ஆகியவை தரக்கூடியதை முதலில் அங்கே கேட்டுப் பெற வேண்டும். அங்கெல்லாம் கிடைக்காததையே மையம் வாங்கித் தரும். ஆகவே ஒருங்கிணைப்பாளரின் நேரத்தில் பெரும்பகுதி, எந்தத் துறை எதற்குக் கடமைப்பட்டது என்பதை அறிந்து வாதாடுவதிலேயே செல்கிறது.

இரண்டு வயதுகள் குறிப்பாகக் கடினமானவை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வளர்ச்சித் தாமதம் உள்ள பச்சிளங் குழந்தைகளுக்குத் தொடக்கநிலைச் சேவைகள் கிடைக்கின்றன. மூன்று வயது நிறைந்ததும் அக்குழந்தையின் கல்வி சார்ந்த பொறுப்பு பள்ளி நிர்வாகத்துக்கு மாறுகிறது. பேச்சுப் பயிற்சி தந்தவர் மாறுவார், இடம் மாறும், தகுதி விதிகளும் மாறும். அடுத்த திருப்பம் 22 வயதில் வருகிறது. அதுவரை பள்ளி தந்த வகுப்பு, போக்குவரத்து, பயிற்சி எல்லாம் நின்றுபோகும். அன்றைய காலையிலிருந்து அந்த இளைஞர் எங்கே செல்வார், யார் அழைத்துச் செல்வார், பெற்றோரில் ஒருவர் வேலையை விட வேண்டுமா என்ற கேள்விகள் எழும். நல்ல ஒருங்கிணைப்பாளர் இதற்கான வேலையைச் சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருப்பார். அப்படித் தொடங்காத குடும்பங்களுக்கு 22ஆம் பிறந்தநாள் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பாக அமைகிறது.

உரிமமுள்ள சமூக இல்லங்களில் வாழ்பவர்களை ஒருங்கிணைப்பாளர் காலாண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சந்திக்க வேண்டும். பேச இயலாதவரின் உடலில் காயம் இருக்கிறதா, மருந்து மாற்றப்பட்டதா, அவர் முன்புபோல் உண்கிறாரா என்பதை வெளியிலிருந்து வந்து கவனிக்கும் கண் பல நேரங்களில் அது ஒன்றே.

1985: உதவியிலிருந்து உரிமைக்கு

1980களின் தொடக்கத்தில் மாநிலத்தின் நிதி நிலை மோசமானது. செலவைக் குறைக்க, சில வகைச் சேவைகளைப் பொதுவாக வெட்டும்படி மாநிலத் துறை மண்டல மையங்களுக்கு உத்தரவிட்டது. பெற்றோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1985 மார்ச்சில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது.

லாண்டர்மன் சட்டம் தருவது அரசின் கருணையைப் பொறுத்த உதவியன்று, சட்டப்பூர்வ உரிமை என்று நீதிமன்றம் விளக்கியது. ஒருவருக்கு என்ன சேவை வேண்டும் என்பது தனிநபர் திட்டத்தில் முடிவாக வேண்டிய ஒன்று. தலைமையகத்தில் இருந்துகொண்டு ஒரு வகைச் சேவையை எல்லாருக்கும் ஒரேயடியாக வெட்ட மாநிலத் துறைக்கு அதிகாரம் இல்லை. அதேசமயம், சட்டமன்றம் போதிய நிதி ஒதுக்கவோ சட்டத்தையே திருத்தவோ முடியும் என்பதையும் தீர்ப்பு ஏற்றது. அதன் விளைவு 2009இல் தெரிந்தது. பொருளாதார நெருக்கடியில் சட்டமன்றமே சட்டத்தைத் திருத்தி, முகாம்கள், சமூகப் பொழுதுபோக்கு போன்ற சேவைகளை நிறுத்தியது. பெற்றோருக்கு ஓய்வு தரும் மாற்றுப் பராமரிப்பு நேரத்துக்கு உச்சவரம்பும் விதித்தது. முகாம்களும் பொழுதுபோக்குச் சேவைகளும் மீள 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மையத்தின் முடிவை ஏற்காதவர் முறையீடு செய்து, மையத்தைச் சாராத சட்ட நடுவர் முன் விசாரணை கோரலாம். அவர்களுக்கு இலவசமாக வாதாடும் உரிமைப் பாதுகாப்பு அலுவலகமும் உண்டு.

இதே காலத்தில் குறைபாடு உடையவர்கள் தாமே பேசத் தொடங்கினர். 1974இல் ஒரெகான் மாநிலத்தில் பிறந்த 'மனிதரே முதல்' என்ற பொருள்படும் இயக்கம் கலிபோர்னியாவிலும் வேரூன்றியது. சாக்ரமென்டோவில் இயங்கிய அதன் குழு 1984இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. தம்மைப் பின்தங்க வைப்பதில் தம் குறைபாட்டுக்கு உள்ள பங்கைப்போலவே தாம் வாழும் சூழலுக்கும் பங்குண்டு என்பது அதன் வாதம். பெற்றோர் தொடங்கிய போராட்டத்தில் பிள்ளைகளின் குரல் தனியாக ஒலிக்கத் தொடங்கியது இவ்வாறுதான்.

மருத்துவமனைகளின் மூடல்

மண்டல மையங்கள் வந்தபின்னும் மருத்துவமனைகள் உடனே மறையவில்லை. 1990இல் தொடுக்கப்பட்ட கோஃபெல்ட் வழக்கு, வெளியே வாழக்கூடிய ஆயிரக்கணக்கானோர் உள்ளேயே வைக்கப்பட்டிருப்பதைச் சுட்டியது. 1994இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஐந்து ஆண்டுகளில் மருத்துவமனைவாசிகளின் எண்ணிக்கையை 2,000 குறைக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. 1996இல் ஸ்டாக்டனும் 1997இல் கமரியோவும் மூடப்பட்டன.

இந்த வேகம் கடும் விவாதத்தைக் கிளப்பியது. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, ஒத்த உடல்நிலை உடையவர்களை ஒப்பிட்டால், சமூக இல்லங்களில் வாழ்பவர்களிடையே இறப்பு ஆபத்து மருத்துவமனைவாசிகளைவிடக் கூடுதல் என்று கூறியது. ஆய்வு முறை சரியில்லை என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். மருத்துவமனையிலேயே தம் பிள்ளை பாதுகாப்பாக இருப்பதாக நம்பிய பெற்றோர் மூடலை எதிர்த்தனர். தன் பிள்ளையை வெளியே கொண்டுவரப் போராடிய பெற்றோரும், உள்ளேயே வைக்கப் போராடிய பெற்றோரும் ஒரே அச்சத்தைத்தான் பகிர்ந்துகொண்டனர். கண்காணிப்பும் மருத்துவமும் இல்லாமல் வெளியே விடுவது இன்னொரு வகைக் கைவிடல் என்பதை விவாதம் உணர்த்தியது. 1998இல் நிறைவேறிய சட்டம் ஓர் ஒருங்கிணைப்பாளருக்கு எத்தனை பேர் என்பதற்கு வரம்பு விதித்தது.

இந்தப் பாடம் சான் ஹோசே அருகே இருந்த அக்னியூஸ் மருத்துவமனையை மூடும்போது பயன்பட்டது. 1880களில் மனநல மருத்துவமனையாகத் தொடங்கிய அக்னியூஸ், 1906 நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இடம். அங்கிருந்தவர்களுக்காக வீடுகள் முன்கூட்டியே வாங்கப்பட்டன. வீட்டின் உரிமை ஓர் இலாப நோக்கற்ற அமைப்பிடமும், பராமரிப்புச் சேவை வேறொரு நிறுவனத்திடமும் இருக்குமாறு பிரிக்கப்பட்டது. பராமரிப்பு சரியில்லையென்றால் நிறுவனத்தை மாற்றலாம். அவர் வீட்டை இழக்க வேண்டியதில்லை. மருத்துவமனை ஊழியர்கள் சிலரும் புதிய வீடுகளில் பணியைத் தொடர்ந்தனர். 2009இல் அக்னியூஸ் மூடப்பட்டது.

பொமோனாவின் பசிபிக் மருத்துவமனைக்கு 1979இல் லாண்டர்மனின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. அவர் இயற்றிய சட்டம் உருவாக்கிய மாற்று வழிகளாலேயே அது 2014இறுதியில் காலியானது. சோனோமா 2018இல் மூடப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்பேரில் அனுப்பப்படுவோருக்கான பாதுகாப்புப் பிரிவு போர்ட்டர்வில்லில் தொடர்கிறது. கமரியோ வளாகம் இன்று பல்கலைக்கழகம். அக்னியூஸின் மேற்கு வளாகம் 1990களிலேயே கணினி நிறுவனத்தின் அலுவலகமாக மாறிவிட்டது.

எண்ணிக்கையும் ஏற்றத்தாழ்வும்

1999இல் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கை ஒன்று நாடு முழுவதும் கவனம் பெற்றது. மண்டல மையங்களில் ஆட்டிசம் உடையவர்களாகப் பதிவானோர் 1987இல் 2,778 பேர். 1998இல் 10,360 பேர். பதினொரு ஆண்டுகளில் 273 விழுக்காடு உயர்வு. நோயறிதல் வரையறைகள் விரிந்தது, விழிப்புணர்வு பெருகியது, சேவை கிடைக்கும் என்பதால் குடும்பங்கள் முன்வந்தது எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. காரணம் எதுவானாலும் மையங்களின் பணி அடியோடு மாறியது. இன்று புதிதாக வருபவர்களில் பெரும்பங்கினர் ஆட்டிசம் உடைய குழந்தைகள்.

செலவுக் கட்டுப்பாடும் இறுகியது. 2003இல் தகுதி விதி கடுமையாக்கப்பட்டு, பேச்சு, கற்றல், தற்பராமரிப்பு, நடமாட்டம் போன்ற ஏழு துறைகளில் குறைந்தது மூன்றிலாவது கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும் என்றானது. ஆட்டிசத்துக்கான நடத்தைப் பயிற்சியைத் தனியார் காப்பீடு ஏற்க வேண்டும் என்ற சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. மையத்தின் செலவு இதனால் குறைந்தது. குடும்பங்களுக்கோ காப்பீட்டு நிறுவனம் என்ற இன்னொரு வாசல் கூடியது.

2011இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட புலனாய்வுத் தொடர், இந்த முறையின் ஆழமான பலவீனத்தைக் காட்டியது. மூன்று முதல் ஆறு வயதுவரையான ஆட்டிசம் குழந்தைகளுக்கு மையங்கள் செலவிட்ட தொகை, வெள்ளையினக் குழந்தைக்குச் சராசரியாக ஏறத்தாழ 11,700 டாலர்; கறுப்பினக் குழந்தைக்கு ஏறத்தாழ 6,600 டாலர். லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்கும் குறைவே. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் சேவை என்பது கேட்டு, வாதாடி, மறுத்தால் முறையிட்டுப் பெறுவதாக இருந்தது. நேரமும் ஆங்கிலமும் வழக்கறிஞரும் உள்ளவர்கள் கூடுதலாகப் பெற்றனர். இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு, தன் பிள்ளைக்கு எதைக் கேட்கலாம் என்பதே தெரியாமல் போனது. 2012 முதல் ஒவ்வொரு மையமும் இனம், மொழி, வயது வாரியாகச் செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது சட்டமானது. 2016 முதல் இடைவெளியைக் குறைக்கத் தனி நிதியும் ஒதுக்கப்படுகிறது. இடைவெளி இன்னும் மறையவில்லை.

சுயநிர்ணயத் திட்டம்

ஒருங்கிணைப்பாளர் தேடித் தருவதற்குப் பதிலாக, பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்தால் என்ன என்ற கேள்வி 1990களில் எழுந்தது. 1998இல் சிறிய சோதனைத் திட்டங்கள் தொடங்கின. 2013இல் சுயநிர்ணயத் திட்டத்துக்கான சட்டம் நிறைவேறியது. மைய அரசின் ஒப்புதல் 2018இல் கிடைத்தது. முதல் 2,500 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2021 ஜூலை முதல் தகுதியுள்ள அனைவருக்கும் திட்டம் திறக்கப்பட்டது.

இதில் ஒருவருக்கு ஆண்டுக்கான தனி வரவுசெலவுத் தொகை நிர்ணயிக்கப்படுகிறது. யாரை உதவியாளராக வைப்பது, எந்தப் பயிற்சியில் சேர்வது என்பதை அவரே தீர்மானிக்கிறார். கணக்கை ஒரு நிதி மேலாண்மை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. விரும்பினால் தனக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம். மண்டல மையத்தைச் சாராத அந்த வழிகாட்டி செய்வதும் பெரும்பாலும் ஒருங்கிணைப்பு வேலைதான். பணம் கைக்கு வந்தாலும், சிதறிய சேவைகளை இணைக்கும் உழைப்பு குறையவில்லை என்பதைத் திட்டத்தின் அமைப்பே காட்டுகிறது.

இன்றைய நிலை

தற்போதைய விதிகளின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேருக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரும், மருத்துவமனையிலிருந்து வெளியேறி ஓராண்டு நிறையாதவர்கள் 45 பேருக்கு ஒருவரும், பிறரில் பிரிவைப் பொறுத்து 62 அல்லது 66 பேருக்கு ஒருவரும் சராசரியாக இருக்க வேண்டும். நடைமுறையில் பல மையங்கள் இவ்வரம்புகளைத் தாண்டியே இயங்குகின்றன. ஊதியம் குறைவாகவும் வேலைப்பளு மிகுதியாகவும் இருப்பதால் ஒருங்கிணைப்பாளர்கள் அடிக்கடி மாறுகின்றனர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெற்றோர் தம் பிள்ளையின் கதையை மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பில் எழுதப்படாதவை பல. எந்தச் சத்தத்துக்கு அவர் நடுங்குவார், வலியை எப்படி வெளிப்படுத்துவார், எந்த உதவியாளருடன் சிரிப்பார் என்பவை பழகித் தெரிந்துகொள்பவை.

1960களில் அறிவுசார் குறைபாடு உடையவர்கள் பலர் பெற்றோருக்கு முன்பே இறந்தனர். மருத்துவ வளர்ச்சியால் இன்று பலர் பெற்றோருக்குப் பின்னும் வாழ்கின்றனர். எண்பது வயதுத் தாயுடன் ஐம்பது வயது மகன் வாழும் வீடுகள் கலிபோர்னியாவில் குறைவில்லை. அந்தத் தாய் மறைந்தபின் மகனுக்காக மருத்துவரை அழைக்கவும், வீட்டைத் தக்கவைக்கவும், அவர் விருப்பத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும். உடன்பிறந்தோரோ நண்பரோ இல்லாத இடத்தில் அந்தப் பணி மண்டல மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் வந்து சேர்கிறது. பெற்றோரின் பழைய கேள்விக்குக் கலிபோர்னியா 1969இல் சட்டத்தால் பதில் சொன்னது. அந்தப் பதிலை நிறைவேற்றும் ஊழியருக்குப் போதிய நேரம் இருக்கிறதா என்பது, ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் மீண்டும் முடிவாகிறது.